மறைதலின் வரலாறு – 9: ஒளி புகும் தோல்

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போக மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, சூழலோடு ஒத்துப்போய்ப் பார்வையை ஏமாற்றுவது. காக்கிச் சீருடையும், பீரங்கியின்மேல் போர்த்தும் வலையும், ரேடார் அலையை விழுங்கும் விமானப் பூச்சும் இந்த வகை. இரண்டாம் வழி, பொருளின்மேல் பட வேண்டிய அலையை வளைத்து அதைச் சுற்றி அனுப்பிவிடுவது. 2006-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி இதற்கான கணக்கைத் தந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித்தும் டேவிட் ஷூரிக்கும் ஒரு செம்பு உருளையை மைக்ரோ அலைகளுக்குத் தெரியாமல் மறைத்துக் காட்டினார்கள். மூன்றாம் வழி, பொருளையே ஒளி புகுவதாக மாற்றிவிடுவது.

முதல் இரண்டும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் வந்துவிட்டன. இந்தப் பகுதி மூன்றாவதைப் பற்றியது. உயிருள்ள உடலை ஒளி புகுவதாக்க வேண்டுமானால் முதலில் எதிர்ப்படும் தடை தோல். தோலின் இழைகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் வாழும் இடம் பாலாற்றங்கரை. ஆற்காடு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் அந்தத் தோல் பட்டறைப் பகுதியில் அன்றாடம் நடக்கும் வேலைக்கும் இந்த மூன்றாம் வழியின் அறிவியலுக்கும் அடிப்படை ஒன்றே.

தோல் ஏன் ஒளிபுகாதது?

ஒளி ஒரு பொருளை அடையும்போது சில நிகழ்வுகளுக்கு உள்ளாகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பலாம். உள்ளே நுழைந்து உறிஞ்சப்படலாம். உள்ளே திசை மாறிச் சிதறலாம். இவை எதற்கும் ஆளாகாமல் நேராகக் கடந்தும் போகலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால்தான் அந்தப் பொருளுக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரியும்.

தோலில் ஒளியை உறிஞ்சும் பொருள்கள் இரண்டு முக்கியமானவை. ஒன்று மேல்தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி. மற்றொன்று இரத்தத்தின் ஹீமோகுளோபின். இவை இரண்டையும் நீக்கிவிட்டாலும் தோல் கண்ணாடியாகிவிடாது. மயிரும் மேல்தோலும் இரத்தமும் நீங்கிய ஆட்டுத்தோல் வெள்ளைவெளேரென்று இருக்கும். வெண்மை என்பது ஒளி உறிஞ்சப்படவில்லை, முழுக்கச் சிதறித் திரும்புகிறது என்பதற்கான அடையாளம்.

சிதறலுக்குக் காரணம் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1, தண்ணீருக்கு 1.33, கிளிசரினுக்கு 1.47, உலர்ந்த தோல் இழைக்கு ஏறக்குறைய 1.5. ஓர் எண்ணுடைய பொருளிலிருந்து வேறோர் எண்ணுடைய பொருளுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒளி சற்றுத் திரும்புகிறது, சற்று வளைகிறது. அடித்தோலின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கொலாஜன் என்ற புரதம். அது நுண்ணிழைகளாகவும், நுண்ணிழைகள் சேர்ந்த கற்றைகளாகவும் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடக்கிறது. கற்றைகளின் நடுவே நீர்மம். ஆகவே ஒரு மில்லிமீட்டர் தோலைக் கடப்பதற்குள் ஒளிக்கதிர் எண்ணற்ற எல்லைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் அது வந்த திசையே மறந்துபோகிறது.

வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி விடுவது இதே விதியால்தான். காகித இழைகளுக்கு நடுவே இருந்த காற்றை வெளியேற்றி, இழையின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய எண்ணெய் அங்கே புகுந்துகொள்கிறது. எல்லைகள் அழியவில்லை, எல்லையின் இருபுறமும் உள்ள வேறுபாடு குறைந்துவிட்டது. உடலை ஒளி புகுவதாக்கும் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது.

பாலாற்றங்கரையில் இழையும் இடைவெளியும்

தோல் பதனிடுதல் பாலாற்றுப் பகுதியில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். வறண்ட நிலத்தில் தானே வளரும் ஆவாரஞ்செடியின் பட்டை, ஆற்றுப்படுகைக் கிணறுகளின் நீர், சந்தைகளில் கிடைத்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இதற்கு அடிப்படை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை திறக்கப்பட்டது. ஆற்காட்டுக்கான நிலையமாக அமைந்த அந்த இடத்திலிருந்து சரக்கு நேராகச் சென்னைத் துறைமுகம் சேர வழி பிறந்தது. பட்டையால் பதனிட்ட இந்தத் தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பொருளில் ‘ஈ.ஐ.’ என்ற வணிகப் பெயரோடு லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்பகுதிக்கும் அது பயன்பட்டது.

தோல் பட்டறையில் ஒரு தோல் கடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் ஒளிபுகும் தன்மை மாறுகிறது. உப்பிட்டு வந்த பச்சைத்தோல் முதலில் தண்ணீரில் ஊறுகிறது. பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் கிடக்கிறது. மயிர் கழன்றுவிடும், இழைக்கற்றைகள் பிரியும், தோல் நீரை வாங்கிப் பருத்துவிடும். இப்படி உப்பிய தோலை வெளிச்சத்தில் பிடித்தால் முன்னைவிட ஒளி கசியும். கற்றைகளுக்குள் நீர் பரவி, இழைக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு மங்கியதே காரணம்.

சதை சீவி, சுண்ணாம்பு நீக்கிய பிறகு வருவது பிக்கிள். இதில் கந்தக அமிலத்தோடு உப்பும் சேர்க்கப்படுகிறது. உப்பில்லாமல் அமிலம் மட்டும் போட்டால் தோல் அளவுக்கு மீறி உப்பி, கண்ணாடிபோல் ஒளி விடும். இழைகள் சிதைந்து தோல் வீணாகும். தோல் தெளிவாவது அங்கே கெட்டுப்போவதற்கான அறிகுறி.

அதன்பின் பதனிடுதல். பட்டையின் டானின்கள் அல்லது குரோமிய உப்புகள் கொலாஜன் இழைகளோடு பிணைகின்றன. பதனிடாத ஈரத்தோலை அப்படியே உலர்த்தினால் நீர் வெளியேறும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் விறைத்து, கொம்புத்தகடுபோல் அரைகுறையாக ஒளி புகுவதாக மாறும். பதனிட்ட தோலில் இழைகள் ஒட்டுவதில்லை. நீர் போன இடத்தில் காற்று வந்து நிற்கிறது. அதனால்தான் பதனிட்ட தோல் மடங்குகிறது, மூச்சு விடுகிறது, அழுகாமல் இருக்கிறது. அதே காரணத்தால் அது ஒளியைத் தடுக்கிறது. ஈரத்தோலை அசிட்டோனில் திரும்பத் திரும்ப நனைத்து நீரை மட்டும் வெளியேற்றினாலும் இழைகள் ஒட்டாமல் காய்ந்து, பால்வெள்ளையான தோல் கிடைக்கிறது என்பது சோதனைக்கூடத்தில் எளிதாகக் காணக்கூடியது.

ஆக, தோல் பதனிடுதல் என்பது இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காப்பாற்றும் தொழில். ஒளி புகச் செய்வது அந்த இடைவெளியை நிரப்பும் தொழில். இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. இரண்டும் கையாளும் பொருள் ஒன்றே.

ஒளியைப் பற்றிய வேறொரு நுணுக்கமும் ஈ.ஐ. தோலில் உண்டு. ஆவாரம் பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அதன் பிறகு எண்ணெய் ஏற்றினார்கள். குரோம் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் சோதனைகள் வழியாகச் சென்னைக்கு வந்தது. ஜி.ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் பல்லாவரத்தை ஒட்டிய பகுதிக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே நிலைத்தது. பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகளில் இன்று டிரம்களிலிருந்து நீல நிறத்தில் வெளிவரும் ‘வெட் புளூ’ தோல் அந்த முறையின் வழிவந்தது.

பதனிடாத தோலின் பயன்

தோல் விறைத்து ஒளி கசிவதை வீணாகக் கருதாமல் கலையாக்கியவர்கள் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள். ஆட்டுத்தோலின் மயிரையும் சதையையும் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்தி, பதனிடாமல் பாவை வெட்டினார்கள். அதில் துளையிட்டு வண்ணம் தீட்டித் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் நிறுத்தினால், திரையில் விழுவது கருநிழலாக இருப்பதில்லை. நிறமுள்ள உருவமாக விழுகிறது. தமிழகத்தில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் இந்தக் கலையைக் கொண்டு நடத்தினார்கள். ஆந்திரத்தில் அனந்தபுரம் பக்கத்து நிம்மலகுண்டா கிராமம் இந்தப் பாவைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே தோல் மெல்லியதாகச் சுரண்டப்படுவதால் வண்ணங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரப் புத்தகக் கட்டுநர் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எட்வர்ட்ஸ், கன்றுத்தோல் தாளை ஒளி புகுவதாக்கும் முறைக்கு 1785-இல் காப்புரிமை பெற்றார். தாளின் அடிப்பக்கத்தில் ஓவியம் வரைந்து அதைப் புத்தக அட்டையாக ஒட்டினால், ஓவியம் தோலின் ஊடாகத் தெரியும்; கை பட்டு அழியாது.

தோலை நீரில் வேகவைத்தால் வேறொரு தெளிவு பிறக்கிறது. கொலாஜன் இழைகள் அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைகின்றன. இழையே இல்லாததால் சிதறலும் இல்லை. தோல் கழிவிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரமும், மருந்துக் கூடாகும் ஜெலட்டினும் தெளிவாக இருப்பதன் காரணம் இது. ஒளி புகச் செய்ய இழையை ஒட்டலாம், உப்பவைக்கலாம், கரைக்கலாம் என்ற மூன்றும் இவ்வாறு நீண்டகாலமாகத் தெரிந்தவையே. உயிரோடு இருக்கும் தோலுக்கு இவை எதுவும் உதவாது.

கண்ணாடித் தூள் முதல் ஸ்பால்டேஹோல்ட்ஸ் வரை

ஒளிவிலகல் எண்ணைப் பொருத்தி ஒரு பொருளை மறைக்கலாம் என்பதை 1884-இல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் கிறிஸ்டியன்சன் அழகாகக் காட்டினார். கண்ணாடித் தூள் வெண்மையானது. அதே ஒளிவிலகல் எண்ணுடைய நீர்மத்தில் அதைப் போட்டால் தூள் மறைந்துவிடும். ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறுவதால் தூளும் நீர்மமும் ஒரு குறிப்பிட்ட நிறத்தில் மட்டுமே முழுமையாகப் பொருந்துகின்றன. அந்த நிறம் கடந்து வரும்; மற்றவை சிதறும். வெள்ளொளியிலிருந்து ஒரு நிறத்தைப் பிரிக்கும் வடிகட்டியாக அது பயன்பட்டது. சி.வி. ராமன் 1949-இல் பெங்களூரிலிருந்து இந்தச் சோதனைக்கான கோட்பாட்டை விளக்கிக் கட்டுரை எழுதினார்.

இந்த இயற்பியலைக் கதையாக்கியவர் எச்.ஜி. வெல்ஸ். 1897-இல் வந்த அவருடைய ‘இன்விசிபிள் மேன்’ நாவலின் நாயகன் கிரிஃபின், உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் எண்ணுக்கு இறக்கி மறைகிறான். கண்ணாடித் தூள் தண்ணீரில் மறைவதையே அவன் சான்றாகச் சொல்கிறான். அவனை நிறமி குன்றியவனாகப் படைத்ததன் மூலம் மெலனின் என்ற தடையையும் வெல்ஸ் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

கதை வந்த இருபது ஆண்டுக்குள் ஜெர்மனியின் லைப்சிக் நகர உடற்கூறியலாளர் வெர்னர் ஸ்பால்டேஹோல்ட்ஸ் உண்மையான உறுப்புகளைத் தெளிவாக்கிக் காட்டினார். உறுப்பிலுள்ள நீரை ஆல்கஹாலால் வெளியேற்றி, பென்சைல் பென்சோயேட், மெத்தில் சாலிசிலேட் போன்ற எண்ணெய்களில் ஊறவைத்தார். இவற்றின் ஒளிவிலகல் எண் உலர்ந்த புரதத்தின் எண்ணுக்கு நெருங்கியது. சாயம் ஏற்றிய இரத்தக்குழாய்கள் தெளிந்த இதயத்தினுள்ளே கொடிபோல் தெரிந்தன. இறந்த உறுப்புக்கு மட்டுமே பொருந்திய முறை இது.

கிண்டியும் அடையாறும்: இழையின் உட்கட்டமைப்பு

தோல் இழையின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சென்னையில் கிடைத்தது. 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை ஒட்டிய கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952-இல் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். பெங்களூரில் ராமனிடம் ஒளியியலும் படிக இயற்பியலும் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அந்தப் பதவிக்கு முதலில் அழைத்தது ராமனை. ராமன் கைகாட்டியது தம் மாணவரை.

ஆங்கிலேய இயற்பியலாளர் ஜே.டி. பெர்னால் சென்னை வந்தபோது, கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் தீராத புதிர் என்று குறிப்பிட்டது ராமச்சந்திரனை ஈர்த்தது. மாதிரிகளுக்குப் பக்கத்து வளாகத்துத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை நாடினார். கங்காரு வாலின் தசைநாணில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் தெளிவாக அமைந்தன. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார். 1955-இல் அதைத் திருத்தி முழுமையாக்கினார். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக நிற்கின்றன என்பதே அந்த விடை. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருப்பதால்தான் மூன்று சங்கிலிகளும் இவ்வளவு நெருங்க முடிகிறது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்று பெயரிட்டிருப்பது இந்தக் கண்டுபிடிப்பை ஒட்டியே.

கொலாஜன் மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். மூலக்கூறுகள் பக்கவாட்டில் அடுக்கி நுண்ணிழையாகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். நுண்ணிழையின் தடிமனும் அடுக்கும் இந்த அளவோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதே சிதறலைத் தீர்மானிக்கிறது.

இதற்கு உடலே ஒரு சான்றை வைத்திருக்கிறது. கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலமான கார்னியாவும், அதைச் சூழ்ந்த கண்ணின் வெள்ளையும் பெரும்பாலும் ஒரே வகைக் கொலாஜனால் ஆனவை. ஒன்று தெளிவு, மற்றொன்று வெண்மை. இதன் காரணத்தை 1957-இல் டேவிட் மாரிஸ் விளக்கினார். கார்னியாவில் நுண்ணிழைகள் ஏறத்தாழ 30 நானோமீட்டர் தடிமனில் ஒன்றுபோல் இருக்கின்றன. இடைவெளியும் ஒழுங்காக இருக்கிறது. பக்கவாட்டில் சிதறும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, நேராகப் போகும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளைப் பகுதியில் நுண்ணிழைகளின் தடிமன் பலவாறாக மாறுகிறது, அடுக்கிலும் ஒழுங்கில்லை. கார்னியாவில் நீர் கோத்து இடைவெளி குலைந்தால் அதுவும் மங்கிவிடுகிறது.

எனவே தோல் ஒளியைத் தடுப்பது அதன் பொருளால் வந்த குணம் அன்று, அடுக்கால் வந்தது. அடுக்கை மாற்ற முடியாத இடத்தில் இடைவெளியிலுள்ள நீர்மத்தை மாற்றலாம் என்பது அடுத்த கட்டத்தின் தொடக்கம்.

உயிருள்ள தோல்

1990-களில் ரஷ்யாவின் சரத்தோவ் நகரில் வலேரி துச்சின் குழுவினர் கண்ணின் வெள்ளையிலும் தோலிலும் கிளிசரின், சர்க்கரைக் கரைசல் போன்றவற்றைச் செலுத்திப் பார்த்தனர். நீர்மத்தின் ஒளிவிலகல் எண் உயர்ந்தது. திசு சில நிமிடங்களில் தெளிந்தது. உப்புக் கரைசலால் கழுவியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் தேவையான அடர்த்தியில் கிளிசரின் திசுவின் நீரை உறிஞ்சிச் சுருக்கியது. மேல்தோலின் கொம்புப் படலத்தைத் தாண்டி உள்ளே போகவும் தயங்கியது.

இறந்த திசுவில் முன்னேற்றம் வேகமாக நடந்தது. 2013-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத்தின் ஆய்வகத்தில் குவாங்ஹுன் சுங் முதலானோர் ‘கிளாரிட்டி’ என்ற முறையை வெளியிட்டனர். எலியின் மூளையை ஜெல்லில் பொதித்து, ஒளியைச் சிதறடிக்கும் கொழுப்பை மட்டும் கழுவி எடுத்தனர். மூளையை வெட்டாமலே நரம்பணுக்களின் இணைப்பைக் காண முடிந்தது. மனித மூளை இதைவிடப் பன்மடங்கு பெரியது. முழுவதையும் இப்படித் தெளிவாக்குவது எளிதன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் மாற்று வழியை எடுத்தது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கணினியில் அடுக்கி உருவாக்கிய ‘தரணி’ வரைபடத் தொகுதியை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

மஞ்சள் சாயம்

2024 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஸ்டான்ஃபோர்டின் குவோசோங் ஹாங், மார்க் பிராங்கர்ஸ்மா, ஜிஹாவ் ஓ முதலியோரின் கட்டுரை வந்தது. உயிருள்ள எலியின் தோலைத் தெளிவாக்க அவர்கள் எடுத்துக்கொண்டது டார்ட்ராசின். சிப்ஸ், இனிப்பு, குளிர்பானம் ஆகியவற்றுக்கு மஞ்சள் நிறம் தரும் இந்தப் பொருள் உணவுப் பொட்டலங்களில் 102 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. சாயத் தொழிலில் இதன் பெயர் ‘ஆசிட் எல்லோ 23’. தோலுக்கும் கம்பளிக்கும் நிறமேற்றும் அமிலச் சாயங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அடர்ந்த நிறமுள்ள ஒன்று தோலைத் தெளிவாக்கும் என்பது முரணாகத் தோன்றும். இதற்கான விளக்கம் 1926–27-இல் ஹென்ட்ரிக் கிராமர்ஸும் ரால்ஃப் குரோனிக்கும் தனித்தனியே கண்ட தொடர்பில் இருக்கிறது. ஒரு பொருள் ஓர் அலைநீளத்தில் ஒளியைக் கடுமையாக உறிஞ்சினால், அதைவிட நீண்ட அலைநீளங்களில் அதன் ஒளிவிலகல் எண் உயரும். டார்ட்ராசின் புறஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சுகிறது. ஆகவே சிவப்பு ஒளிக்கு அது கரைந்த நீரின் ஒளிவிலகல் எண் உயர்ந்து, கொலாஜனின் எண்ணை நெருங்குகிறது. கிளிசரினைவிடக் குறைந்த அளவே போதும் என்பது இதன் சிறப்பு.

முதலில் கோழி நெஞ்சுக்கறியின் மெல்லிய துண்டில் இது சோதிக்கப்பட்டது. பிறகு எலியின் வயிற்றில் கரைசலைத் தடவியபோது குடலின் அசைவு வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தலைத்தோலில் தடவியபோது மூளைமேல் படர்ந்த இரத்தக்குழாய்களைக் காண முடிந்தது. தெளிந்த இடம் செம்மஞ்சள் சாயலோடு இருந்தது, ஏனெனில் நீல ஒளி சாயத்தாலேயே உறிஞ்சப்பட்டது. தண்ணீரால் கழுவியதும் தோல் பழையபடி ஆனது. கிறிஸ்டியன்சனின் கண்ணாடித் தூள் ஒரு நிறத்துக்கு மட்டும் மறைந்ததும் எலித்தோல் சிவப்பு ஒளிக்கு மட்டும் தெளிந்ததும் ஒரே விதியின் இரண்டு வெளிப்பாடுகள்.

எல்லைகளும் எதிர்காலமும்

மனிதத் தோலுக்கு இதைக் கொண்டுவருவதில் மூன்று தடைகள் உள்ளன. எலித்தோல் மிக மெல்லியது. மனிதத் தோல் பல மடங்கு தடிமன். சாயம் அந்த ஆழத்துக்கு ஒரே சீராக இறங்க வேண்டும். அடுத்தது மெலனின். ஒளிவிலகல் எண்ணைப் பொருத்துவது சிதறலைக் குறைக்குமே தவிர, நிறமி உறிஞ்சுவதைக் குறைக்காது. கருமை கூடிய தோலில் பலன் குறையும். மூன்றாவது பாதுகாப்பு. அளவோடு உண்ண அனுமதிக்கப்பட்ட சாயம் அடர்ந்த கரைசலாகத் தோலின் வழியே உள்ளே போவதும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. 2024-ஆம் ஆண்டுக் கட்டுரை மனிதர்மேல் நடந்த சோதனை எதையும் உள்ளடக்கியதன்று. வீட்டில் செய்துபார்க்கும் விஷயமும் இதுவன்று.

இந்தத் தடைகள் தாண்டப்பட்டால் பயன் மருத்துவத்தில்தான் முதலில் தெரியும். குழந்தைக்கு ஊசி போட இரத்தக்குழாய் தேடுவது, தோலுக்குக் கீழே உள்ள கட்டியை வெட்டாமல் பார்ப்பது, லேசர் ஒளியை இன்னும் ஆழத்துக்குச் செலுத்துவது ஆகியவை எட்டக்கூடிய இலக்குகள். உறிஞ்சும் வலிமை மிகுந்து, உடலுக்குத் தீங்கில்லாத மூலக்கூறுகளைத் தேடுவதே ஆய்வின் அடுத்த வேலை.

வேறொரு பாதையில், கணவாய் இனத்தின் தோலிலுள்ள ரிஃப்ளெக்டின் என்ற புரதத்தை மனித உயிரணுக்களில் உருவாக்கி, அவற்றின் ஒளிபுகும் அளவை மாற்றலாம் என்று கலிஃபோர்னியாவின் இர்வைன் வளாகத்தில் அத்ரௌலி சாட்டர்ஜியும் அலோன் கோரடெட்ஸ்கியும் 2020-இல் காட்டினர். கண்ணாடித் தவளை உறங்கும்போது தன் சிவப்பணுக்களில் பத்தில் ஒன்பது பங்கை ஈரலுக்குள் ஒதுக்கிவைத்துத் தெளிவாகிறது என்று 2022-இல் வெளியான ஆய்வு சொன்னது. சிதறலையும் உறிஞ்சுதலையும் தனித்தனியே கையாள வேண்டும் என்பதை இயற்கை முன்பே அறிந்திருக்கிறது.

முழு மனிதன் மறைவது இந்த வழியில் நடக்காது. காரணம் காற்று. உடலின் எல்லா இழைகளையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தாலும் அந்த எண் 1.4-க்கு மேல் நிற்கும். காற்றின் எண் 1. தெளிந்த கண்ணாடிக் குவளை மேசைமேல் தெரிவதுபோல், தெளிந்த உடலும் அதன் மேற்பரப்பில் திரும்பும் ஒளியால் காட்டிக்கொடுக்கப்படும். ஒளிபுகும் உயிரினங்கள் பெரும்பாலும் நீரில் வாழ்வதற்கு இது ஒரு காரணம்; நீருக்கும் உடலுக்கும் வேறுபாடு குறைவு. இன்னொரு தடையும் உண்டு. பார்ப்பதற்கு விழித்திரை ஒளியை உறிஞ்சியாக வேண்டும். ஒளி முழுவதையும் கடக்கவிடும் உடல் குருடாகத்தான் இருக்கும். கிரிஃபினின் மறைவு கதையளவில் நின்றுபோனது இந்த இரண்டாலும்.

போர்த்தி மறைக்கும் தொழில்நுட்பம் வேறு திசையில் வளர்கிறது. 2024 நவம்பரில் கான்பூர் ஐ.ஐ.டி. அறிமுகம் செய்த ‘அனாலக்ஷ்யா’ என்ற மெட்டாமெட்டீரியல் துணி, ரேடார் அலைகளைப் பரந்த அலைவரிசையில் உறிஞ்சிப் பொருளை ரேடாருக்குத் தெரியாமல் செய்கிறது. கண்ணுக்கு அந்தத் துணி நன்றாகவே தெரியும். எந்த மறைப்பும் எல்லா அலைக்கும் பொருந்துவதில்லை. செம்பு உருளை மைக்ரோ அலைக்கு, எலித்தோல் சிவப்பு ஒளிக்கு, துணி ரேடாருக்கு என்று ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளத்தில் மட்டுமே மறைகிறது.

மறைதலின் மூன்றாம் வழி மனிதனை ஒளித்துவைக்கப் போவதில்லை. மருத்துவரின் பார்வையைத் தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் கொண்டுசெல்லும். அதற்கு வேண்டிய அடிப்படை அறிவில் பெரும்பங்கு, கொலாஜன் இழையும் அதன் இடைவெளியும் பற்றியது. அந்த இழையைக் கையால் அறிந்த தொழில் பாலாற்றங்கரையில் ஒன்றரை நூற்றாண்டாக நடக்கிறது. அதன் கட்டமைப்பு எழுதப்பட்டது சென்னையில். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கேமராவுக்கும் கணினிக்கும் தெரியாமல் செய்யும் முயற்சிகளை அடுத்த பகுதி விவரிக்கும்.